நடந்தே துயரைக் கடந்தவர்



காலை ஏழு மணி. வெளிச்சம் இன்னும் முழுசாக வந்திருக்காது. பாடாங் கோத்தா கடலோரச் சுவரை ஒட்டி நாலைந்து பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள். வயதான சீனத் தாத்தாக்கள் கையை வீசி வீசி நடப்பார்கள். அவர்களுக்கு நடுவே வேர்வை வழிய, நாக்கு தள்ள, இப்போது நானும் ஒருவன்.

ஓட்டம் முடிந்து சுவரில் சாய்ந்து கடலைப் பார்க்கும்போது எனக்கு ஒரு கப்பல் ஞாபகம் வரும். 1893ஆம் ஆண்டு ஜூன் மாதம், பம்பாயிலிருந்து கிளம்பிய பெனின்சுலர் என்ற கப்பல் கொழும்பைத் தொட்டு, பினாங்குக்கு வந்து, அடுத்து சிங்கப்பூருக்குப் போனது. அந்தக் கப்பலில் காவி உடுத்திய முப்பது வயது வங்காள இளைஞர் ஒருவர் இருந்தார். பிறகு ஜப்பானின் யோகோஹாமாவிலிருந்து சென்னை நண்பர்களுக்கு எழுதிய கடிதத்தில், பினாங்கைக் கடந்து வந்ததையும், போகும் வழியில் சுமத்ராவின் உயர்ந்த மலைகளைப் பார்த்ததையும் அவர் குறிப்பிட்டிருக்கிறார். அவர்தான் சுவாமி விவேகானந்தர்.

ஒவ்வொரு ஜனவரியிலும் நம் இயக்கத்தில் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். தலைப்பாகை, கட்டிய கைகள், நேரான பார்வை. சிக்காகோ பேச்சு எல்லாருக்கும் தெரியும். எனக்கும் அதுவரைதான் தெரிந்திருந்தது. படத்தில் இருப்பவர் பிறக்கும்போதே அப்படிப் பிறந்தவர், நமக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வருடம் ஃபுளூயிட் மெக்கானிக்ஸ் பாடத்தில் தேர்ச்சி பெறவில்லை. ஒரு பாடம்தானே என்று மற்றவர்களுக்குத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். பகலில் தூக்கம், ராத்திரி முழுக்க முழிப்பு. அம்மா போன் அடித்தால் எடுக்க மாட்டேன். சாப்பாடு மேகிதான். இப்படியே மூன்று வாரம் போனது. நம் இயக்கத்து அண்ணன் ஒருவர் ஒருநாள் வந்து கதவைத் தட்டினார். புத்திமதி எதுவும் சொல்லவில்லை. சப்பாத்தைப் போடு, கீழே வா என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு என்னால் இரண்டு நிமிடம்கூடச் சேர்ந்தாற்போல் ஓட முடியவில்லை. ஆனால் அன்று ராத்திரி, ரொம்ப நாளைக்குப் பிறகு, பதினொரு மணிக்கெல்லாம் தூங்கிவிட்டேன்.

சில வாரம் கழித்து அதே அண்ணன் சுவாமிஜியின் வாழ்க்கை வரலாற்றைப் படிக்கக் கொடுத்தார். 1884ஆம் ஆண்டுப் பகுதியைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த வருடத்தைப் பற்றி உங்களிடம் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முதலில் அவர் சின்ன வயதிலிருந்து தொடங்க வேண்டும்.

துறுதுறு நரேன்

1863 ஜனவரி 12ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் நரேந்திரநாத் தத்தா. அப்பா விசுவநாத தத்தா உயர்நீதிமன்ற வழக்கறிஞர், கைநிறையச் சம்பாதித்தவர், கைநிறையச் செலவழித்தவர். அம்மா புவனேஸ்வரி தேவி சிவபக்தை. பையனோ ஒரு நிமிடம் ஓர் இடத்தில் இருக்க மாட்டான். கோபம் வந்தால் கையில் கிடைத்தது உடையும். அடக்க முடியாமல் போனால் அம்மா சிவன் பெயரைச் சொல்லி அவன் தலையில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவாராம். உடனே அடங்கிவிடுவானாம்.

வளர வளர அந்தத் துறுதுறுப்புக்கு வேறு வழி கிடைத்தது. மல்யுத்தம், நீச்சல், படகு விடுதல், சிலம்பம் மாதிரியான கம்பு விளையாட்டு என்று எதையும் விட்டு வைக்கவில்லை. நவகோபால் மித்ரா என்பவர் நடத்திய உடற்பயிற்சிக் கூடத்துக்கு நண்பர்களோடு தவறாமல் போவார். அங்கே ஒருநாள் கனமான மரச்சட்டம் ஒன்றைத் தூக்கி நிறுத்தப் பையன்கள் திணறினார்கள். வழியோடு போன ஆங்கிலேய மாலுமி ஒருவர் உதவ வந்தார். சட்டம் சரிந்து அவர் தலையில் விழுந்தது, ஆள் மயங்கிவிட்டார். செத்துவிட்டார் என்று பயந்து மற்றவர்கள் ஓடிவிட, நரேன் தன் வேட்டியைக் கிழித்துக் காயத்தைக் கட்டி, முகத்தில் தண்ணீர் தெளித்து, அவர் குணமாகும்வரை பார்த்துக்கொண்டார். செலவுக்குக் காசும் திரட்டிக் கொடுத்தார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தக் கூடத்தில் அவர் வளர்த்தது தசையை மட்டுமல்ல. ஆபத்து வரும்போது கை நடுங்காமல் இருப்பதும் அங்கேதான் பழகியது. படிப்பிலும் கெட்டிக்காரர். தத்துவம், சங்கீதம் இரண்டிலும் பேர் வாங்கினார். 1881ஆம் ஆண்டு ஸ்ரீராமகிருஷ்ணரைச் சந்தித்தார். கடவுளைப் பார்த்திருக்கிறீர்களா என்று நேருக்கு நேர் கேட்டார்.

1884

அந்த வருடம் பிப்ரவரியில் அப்பா மாரடைப்பில் திடீரென்று காலமானார். நரேனுக்கு வயது 21. வீட்டுக் கணக்கைப் பார்த்தால், இருந்தது பணம் இல்லை, கடன். கடன்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். சொந்தக்காரர்களே வீட்டுக்கு உரிமை கேட்டு வழக்குப் போட்டார்கள். அம்மா, தம்பிகள், தங்கை என எல்லா வயிறும் மூத்த பிள்ளையைப் பார்த்து நின்றன.

வேலை தேடி அலைந்தார். கல்கத்தா வெயிலில், காலில் செருப்பில்லாமல், கையில் விண்ணப்பத்தோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் கதவு சாத்தப்பட்டது. படித்த பையன், பலசாலி, பாடகன், நேற்றுவரை செல்லப்பிள்ளை. ஒன்றும் உதவவில்லை. வீட்டில் அரிசி குறைவாக இருக்கிற நாளில், நண்பன் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு வெளியே கிளம்பிவிடுவார். பட்டினியாகவே பொழுதைக் கழிப்பார். கடவுள் இருக்கிறாரா, இருந்தால் ஏழையின் அழுகை அவர் காதில் விழுகிறதா என்று வெளிப்படையாகவே கேட்க ஆரம்பித்தார். பையன் கெட்டுப்போய்விட்டான் என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சையும் சேர்த்துத்தான் சுமந்தார்.

நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். மல்யுத்தம் பழகிய உடம்பு அது. அதற்கும் மனச்சோர்வு வந்தது. உடம்பைப் பலமாக வைத்திருந்தால் கவலையே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வரும். விவேகானந்தருக்கே வந்தது.

ஆனால் அந்த நாள்களிலும் அவர் செய்யாத ஒரு காரியம் இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுக்கவில்லை. காலையில் எழுவார், கடவுள் பெயரைச் சொல்வார், வெளியே நடப்பார். நம்பிக்கை இருந்த நாளும் நடந்தார், இல்லாத நாளும் நடந்தார்.

ஒரு மழைநாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. நனைந்துகொண்டே அலைந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும் வழியில், இனி ஓர் அடியும் வைக்க முடியாமல் யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் சாய்ந்துவிட்டார். நினைவு இருந்ததா, போனதா என்று அவருக்கே தெரியவில்லை. அந்த நிலையில் மனசுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக மூடியிருந்த திரைகள் விலகுவதுபோல் உணர்ந்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கேள்விகளுக்கு விடை கிடைத்தது. எழுந்தபோது உடம்பில் களைப்பு இல்லை, மனசில் அமைதி இருந்தது. விடியப்போகிற நேரத்தில் வீடு போய்ச் சேர்ந்தார்.

அது இறையருள். அதை ஓட்டப்பயிற்சியின் பலன் என்று நான் சொல்ல வரவில்லை, சொன்னால் அபத்தம். எனக்குப் பட்டது ஒன்றுதான். அருள் வந்தபோது அவர் வழியில் இருந்தார்.

அடுத்தது இன்னும் முக்கியம். அவர் உதவி கேட்டார். ஸ்ரீராமகிருஷ்ணரிடம் போய், என் குடும்பத்துக்காக அன்னை காளியிடம் நீங்கள் கேளுங்கள் என்றார். நீயே போய்க் கேள் என்று குரு அனுப்பிவைத்தார். மூன்று முறை சந்நிதிக்குப் போனார். மூன்று முறையும் பணம் கேட்க வாய் வரவில்லை, ஞானமும் வைராக்கியமும்தான் கேட்க வந்தது. குடும்பத்துக்கு எளிய சோற்றுக்கும் துணிக்கும் குறைவிருக்காது என்று கடைசியில் குரு உறுதி சொன்னார். பலசாலியான ஒருவர் இன்னொருவர் முன்னால் போய், என்னால் முடியவில்லை என்று சொன்னார் பாருங்கள், அதை நான் பெரிய தைரியமாக நினைக்கிறேன்.

இமயம் முதல் குமரி வரை

1886 ஆகஸ்டில் குருவும் மறைந்தார். பராநகரில் ஒரு பாழடைந்த வீட்டில் சீடர்கள் சேர்ந்து வாழ்ந்தார்கள். பிறகு நரேன் நாட்டைப் பார்க்கக் கிளம்பினார். 1890 ஜூலையில் தொடங்கிய பயணம் 1893 வரை நீண்டது. யாராவது டிக்கெட் வாங்கிக் கொடுத்தால் ரயிலில் போவார். இல்லையென்றால் நடை. கையில் தடி, கமண்டலம், ஒன்றிரண்டு புத்தகம்.

இமயமலையில் அல்மோராவுக்கு அருகே பசியால் சுருண்டு விழுந்தார். எதிரே முஸ்லிம் இடுகாடு. அதைப் பார்த்துக்கொண்ட ஃபக்கீர் ஒருவர் ஓடிவந்து வெள்ளரிக்காய் கொடுத்து உயிரைக் காப்பாற்றினார். ஏழு வருடம் கழித்து ஊரே திரண்டு வரவேற்றபோது, கூட்டத்தில் நின்ற அந்த ஃபக்கீரை அடையாளம் கண்டு, இவர்தான் என்னைக் காப்பாற்றியவர் என்று எல்லாரிடமும் சொன்னார்.

அல்மோராவில் இருந்தபோதுதான், தன் சகோதரி தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள் என்ற செய்தி தந்தியில் வந்தது. துறவியானாலும் அண்ணன்தானே. அந்தத் துயரத்தோடு மலைக்காட்டுக்குள் இன்னும் உள்ளே நடந்தார். நம் நாட்டுப் பெண்களின் நிலை மாற வேண்டும் என்று பின்னாளில் அவர் பேசியதற்கெல்லாம் பின்னால் இந்தத் துயரமும் இருந்தது.

1892 டிசம்பரில் கன்னியாகுமரி வந்து சேர்ந்தார். நாடே காலடியில் முடிகிற இடம். படகுக்குக் காசில்லை. கடலில் குதித்து நீந்திப் பாறையை அடைந்தார். கல்கத்தாவில் பழகிய நீச்சல் அங்கே கை கொடுத்தது. வழியெல்லாம் பார்த்த பசியும் அறியாமையும் அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு தீர்மானமாக மாறின. இந்த மக்களுக்கு ஏதாவது செய்தாக வேண்டும்.

அங்கிருந்து அவரை மேற்கு நாட்டுக்கு அனுப்பிவைக்க முன்னின்றவர்கள் யார் தெரியுமா? நம் தமிழ் இளைஞர்கள். சென்னையில் பள்ளி ஆசிரியராக இருந்த அளசிங்கப் பெருமாள், முப்பது வயதுகூட ஆகாதவர், நண்பர்களோடு வீடு வீடாகப் போய்ப் பணம் சேர்த்தார். இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி ஊக்கம் கொடுத்தார். கேத்திரி மன்னரும் உதவினார். அப்படித்தான் அந்தக் கப்பல் பினாங்கைத் தாண்டிப் போனது.

சிக்காகோவில் நடைபாதை

ஜூலை கடைசியில் சிக்காகோ சேர்ந்தபோதுதான் தெரிந்தது, சர்வசமயப் பேரவை தொடங்குவது செப்டம்பரில். கைக்காசு கரைந்தது. பாஸ்டன் பக்கம் போய்த் தங்கிவிட்டுத் திரும்பி வந்தால், போக வேண்டிய முகவரி எழுதிய தாளைக் காணோம். ராத்திரி ரயில்வே சரக்குக் கொட்டடியில் தூங்கினார். விடிந்ததும் பணக்காரர்கள் வாழும் தெருவில் வீடு வீடாக நடந்து வழி கேட்டார். அழுக்கு உடையைப் பார்த்துக் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் தெருவோரமாக உட்கார்ந்துவிட்டார். எதிர் வீட்டிலிருந்து ஹேல் அம்மையார் வந்து விசாரித்து, உள்ளே அழைத்துச் சாப்பாடு போட்டு, பேரவை அலுவலகத்துக்கும் கூட்டிப்போனார். 1893 செப்டம்பர் 11ஆம் நாள் நடந்தது உலகத்துக்கே தெரியும்.

கல்கத்தா திண்ணை, அல்மோரா இடுகாடு, சிக்காகோ தெருவோரம். மூன்று இடத்திலும் அவர் போகிற தூரம் வரைக்கும் போய்விட்டுத்தான் உட்கார்ந்தார். அல்மோராவிலும் சிக்காகோவிலும் ஒரு கை நீண்டபோது, வேண்டாம் என்று தள்ளவில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்: உன்னால் முடிந்தவரை நகர்ந்துகொண்டே இரு, கை நீளும்போது பிடித்துக்கொள்.

கீதையும் கால்பந்தும்

1897 ஜனவரி 15ஆம் நாள் கொழும்பில் இறங்கி, 26ஆம் நாள் பாம்பனில் கால் வைத்தார். இராமநாதபுரம், மதுரை, கும்பகோணம் வழியாகச் சென்னை. அங்கே ஆற்றிய ஒரு சொற்பொழிவில்தான் இளைஞர்களுக்கு அந்தப் புகழ்பெற்ற அறிவுரையைச் சொன்னார். கீதை படிப்பதைவிடக் கால்பந்து ஆடுவது உங்களைச் சொர்க்கத்துக்கு இன்னும் அருகில் கொண்டுபோகும் என்பது அதன் கருத்து. பலர் இதைக் கேலிக்காகச் சொல்வார்கள். அவர் கீதையைக் குறைத்துச் சொல்லவில்லை. உடம்பில் தெம்பு வந்து, கால் ஊன்றி நிற்கப் பழகினவனுக்குத்தான் கீதை இன்னும் நன்றாகப் புரியும் என்றார். யோசித்துப் பாருங்கள், கீதை தொடங்குவதே உடம்பெல்லாம் நடுங்கி, வில் நழுவி, தேரில் உட்கார்ந்துவிட்ட ஒருவனிடம்தானே.

அவர் அன்று சொன்னதற்கு இன்று அறிவியலும் துணை நிற்கிறது. தொடர்ந்து உடற்பயிற்சி செய்தால் மனச்சோர்வும் பதற்றமும் குறைகின்றன, தூக்கம் சீராகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மெதுவோட்டம் என்றால் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் வைத்து வாரம் ஐந்து நாள் போதும். ஓடி முடித்ததும் வரும் லேசான சந்தோஷத்துக்கு எண்டோர்பின்தான் காரணம் என்று ரொம்ப நாளாகச் சொல்லிவந்தார்கள். உடம்பே சுரக்கிற எண்டோகன்னாபினாய்டு என்ற வேதிப்பொருளுக்கும் அதில் பெரிய பங்கு இருப்பதாக இப்போது சொல்கிறார்கள். அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதாகப் போய்விடுமாம்.

என் அனுபவத்தில் இன்னொன்றும் இருக்கிறது. மனசு சோர்ந்திருக்கும்போது எதையும் நம்மால் முடிக்க முடியாது என்று தோன்றும். அடுத்த விளக்குக் கம்பம் வரை ஓடுகிறேன் என்று முடிவு செய்து ஓடினால், அது ஒரு காரியம் முடிந்தது. சின்னதுதான், ஆனால் முடிந்தது.

கடைசி நடை

சுவாமிஜியின் உடம்பு கடைசிவரை ஒத்துழைக்கவில்லை. ஆஸ்துமா, நீரிழிவு. ராத்திரி தூக்கம் வராது. அதோடுதான் 1897 மே முதல் நாள் இராமகிருஷ்ணா மிஷனைத் தொடங்கினார், பேலூர் மடத்தை எழுப்பினார், மறுபடியும் மேற்கு நாடுகளுக்குப் போய்வந்தார். பேலூரில் ஆடு, வாத்து, நாய் வளர்த்து அவற்றோடு குழந்தை மாதிரி விளையாடுவார். முடியாத நாளில் ஓய்வும் எடுப்பார்.

1902 ஜூலை 4ஆம் நாள், வெள்ளிக்கிழமை. காலையில் மூன்று மணி நேரம் தியானம். மதியம் பிரம்மசாரிகளுக்குச் சமஸ்கிருத இலக்கணப் பாடம். மாலையில் சுவாமி பிரேமானந்தரோடு பேலூர் கடைத்தெருப் பக்கம் ஏறக்குறைய இரண்டு மைல் நடந்துவிட்டு வந்தார். அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், தன் அறையில் அமைதியாக உயிர் பிரிந்தது. வயது 39. கடைசி நாளிலும் நடந்திருக்கிறார்.

அவர் மறைந்து இரண்டே வருடத்தில், 1904இல், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் விவேகானந்தா ஆசிரமம் உருவானது. நம் பினாங்கில் ஸ்காட்லண்ட் சாலையில் ராமகிருஷ்ண ஆசிரமம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அந்தப் பக்கம் ஓடும்போது வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன்.

தம்பி, தங்கைகளே, படிப்பு, வேலை, காதல், வீட்டுப் பிரச்சினை என்று எதிலாவது இடிந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு யாராவது இதைப் படிக்கிறீர்களா? பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஒரு நிமிடம் ஓடுங்கள், இரண்டு நிமிடம் நடங்கள், அதையே ஏழெட்டு முறை செய்யுங்கள். இளைஞர் பூங்கா இருக்கிறது, தாவரவியல் பூங்கா இருக்கிறது. ஓட முடியாதவர்கள் தண்ணீர்மலை முருகன் கோயில் 513 படிகளை மெதுவாக ஏறுங்கள், முருகனையும் பார்த்த மாதிரி இருக்கும். நெஞ்சுவலி, ஆஸ்துமா இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் மனசு எழவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் ஓட்டம் மட்டும் போதாது. ஒருவரிடம் சொல்லுங்கள். அம்மாவிடம், அண்ணனிடம், பல்கலைக்கழக ஆலோசகரிடம், டாக்டரிடம். பினாங்கில் பிஃப்ரெண்டர்ஸ் இருக்கிறார்கள், தொலைபேசியில் பொறுமையாகக் கேட்பார்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நரேனும் கேட்டவர்தான்.

அந்தப் பாடத்தை நான் திரும்ப எழுதித் தேறிவிட்டேன். ஏ இல்லை, சி பிளஸ்தான். மதிப்பெண் வந்த அன்று அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் ரொம்பப் பாராட்டவெல்லாம் இல்லை. நாளைக்குக் காலையில் ஆறே முக்காலுக்குப் பாடாங் கோத்தாவுக்கு வந்துவிடு என்றார்.

போனேன். நீங்களும் வாருங்கள்.